விட்டு விட்டுத் துடித்த நெஞ்சு

துப்பறியும் ஆவுடையப்பன் சட்டையில்லாமல் படுத்திருந்தார்.

மார்பில் ரப்பர் குமிழ்கள் அட்டைப்பூச்சி மாதிரி கவ்விக்கொண்டிருந்தன. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளிப்புகள். திண்டுக்கல்லில் இருபது வருஷமாகத் துப்பறிந்துவரும் ஒரு மனிதரை இப்படிக் கை கால் கட்டிப்போட எந்தக் குற்றவாளிக்கும் இதுவரை தோன்றியதில்லை. அந்த அளவுக்கு எந்தக் குற்றவாளியும் அவரைப் பொருட்படுத்தியதில்லை என்பது வேறு விஷயம்.

“மூச்சை இழுத்துப் பிடிச்சு வயித்தை உள்ள வைக்காதீங்க சார். எடுக்குறது ஈசிஜி, கல்யாண ஆல்பம் இல்ல.”

சொன்னவள் மஹ்ஜபீன், அவருடைய உதவியாளர். திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். ஆவுடையப்பன் வயிற்றை வெளியே விட்டார்.

பேகம்பூர்ப் பெண். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, “மாசத்துல எத்தனை கொலை வரும் சார்?” என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜ் மாடியில் இருந்த ‘ஆவுடையப்பன் துப்பறியும் நிலைய’த்துக்கு வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்பும், காணாமல்போன கறவை மாடும்தான். உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகும் அவள் போகவில்லை. தன் திறமையில் மயங்கித்தான் நிற்கிறாள் என்று ஆவுடையப்பன் கொஞ்ச நாள் நம்பினார். ஆபீஸ் ஸ்கூட்டருக்காகத்தான் என்பது பிறகு தெரிந்தது.

இப்போது வந்திருப்பது நிஜமான வழக்கு. அதனால்தான் இந்த அவமானத்துக்கெல்லாம் ஒத்துக்கொண்டு படுத்திருந்தார்.

நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை போட்டிருக்கும் விவசாயி பெருமாள்சாமி. மனிதர் கொஞ்ச நாளாக, நின்ற இடத்தில் மயங்கி விழுகிறார். விழுந்து எழும்போதெல்லாம் ஒரே பேச்சு: “தொண்டை கசக்குது.” யாரோ ‘அரளி’ என்றார்கள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் சமைப்பது மருமகள் நாகஜோதி. அவளைச் சித்தையன்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வயது மகளை மட்டும் மாமனார் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அவள் போன பிறகும் மாமனார் ஒரு தடவை விழுந்தார். அரைத்து வைத்துவிட்டுப் போன இட்லிப் பொடியில் கலந்திருப்பாள் என்றார்கள்.

இன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். புகாரில் முதல் கையெழுத்து அவள் புருஷன் பிரபுவுடையது.

“என் பிள்ளை ராத்திரியில என்னைத் தேடும் சார்,” என்று மட்டும்தான் ஆபீஸுக்கு வந்த நாகஜோதி சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆவுடையப்பன் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். அழாததால் வழக்கை ஏற்க வேண்டியதாகிவிட்டது.

இயந்திரம் கிறீச்சிட்டுக் காகிதத்தைத் துப்பியது. பெருமாள்சாமிக்கு வைத்தியம் பார்த்த இதய டாக்டர் கௌசல்யா அதைக் கிழித்தெடுத்தார். அந்த அம்மாளுக்கு நீட்டி முழக்கப் பிடிக்காது. பெருமாள்சாமியின் இதயத்துக்கு என்ன என்று ஆவுடையப்பன் கேட்டதற்கு, “வாயால சொன்னா புரியாது, படுங்க,” என்றவர் அவர்தான்.

“இது உங்க இதயம்.”

“அப்ப இருக்கு,” என்றாள் மஹ்ஜபீன். “இன்கிரிமெண்ட் கேட்டப்பெல்லாம் எனக்குச் சந்தேகமா இருந்துச்சு.”

டாக்டர் பேனா முனையால் காகிதத்தைத் தொட்டார். “சின்னதா ஒரு மேடு தெரியுதா? அப்புறம் கொஞ்சம் சமதரை. அப்புறம் ஊசிக் கோபுரம். இதயத்தோட மேல் பக்கம், வலது அறையில ஒரு முடிச்சு இருக்கு. யாரும் சொல்லாம அதுவா கரண்ட் விடும். அதுல மேல் அறை ரெண்டும் சுருங்குறதுதான் இந்த மேடு.”

“எந்த லைன்லருந்து கரண்ட் வருதுங்க?”

“ஈபி லைன் இல்ல. உப்புச் சத்துதான். உடம்பே தயாரிச்சுக்குது.”

“பில்லு வராத கரண்ட்டு,” என்றாள் மஹ்ஜபீன்.

“அந்தக் கரண்ட் நேரா கீழ போயிராது. நடுவுல இன்னொரு முடிச்சு. அங்க செத்த நேரம் நிக்கும். மேல் அறை ரத்தம் முழுக்கக் கீழ இறங்கணும்ல? அதுக்காக. அதுதான் இந்தச் சமதரை. அப்புறம் நரம்பு மாதிரி ரெண்டு கிளையாப் பிரிஞ்சு, கீழ் அறை ரெண்டுக்கும் ஒரே அடியாப் பாயும். கீழ் அறை சுருங்கினாத்தான் மூளைக்கு ரத்தம். இந்தக் கோபுரம்தான் அது.”

அடுத்து டாக்டர் இன்னொரு காகிதத்தை வைத்தார். “இது பெருமாள்சாமி வந்தப்ப எடுத்தது.”

ஆவுடையப்பன் குனிந்தார். மேடு, கோபுரம். மேடு, கோபுரம். மேடு... வெறும் தரை. மறுபடி மேடு... வெறும் தரை. ரொம்பத் தூரம் தள்ளி, மனசில்லாமல் எழுந்த மாதிரி ஒரு கோபுரம்.

“மேல ஆர்டர் போட்டுக்கிட்டே இருக்காக. கீழ வேலை நடக்கல,” என்றார்.

“அதேதான். நடுக் கதவு சாத்திக்குது.”

“வயசாகித் தேஞ்சிருக்குமோ?”

“தேஞ்ச கதவு வார்டுல ரெண்டு நாள் படுத்தா சரியாயிருமா? போகும்போது அவர் ஈசிஜி உங்களோடதைவிட அழகா இருந்துச்சு. வெளியிலருந்து ஏதோ ஒண்ணு போய் அதைச் சாத்துது. அரளியும் அந்தக் கதவுலதான் கை வைக்கும், அதனால நான் இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா அரளி தின்னா வாந்தியெடுத்து ஓஞ்சு போயிருவாங்க. இவர் ஒரு தடவைகூடக் குமட்டல. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். ஒரு மாத்திரையும் இல்லைன்னு பேத்தி மேல சத்தியம் பண்ணினார்.” டாக்டர் காகிதத்தை மடித்தார். “அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் நீண்டா, அப்புறம் என்கிட்ட தூக்கிட்டு வந்து பிரயோஜனம் இல்ல. சீக்கிரம் கண்டுபிடிங்க.”

வெளியே வந்ததும் ஆவுடையப்பன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே அறிவித்தார். “கேஸ் முடிஞ்சிருச்சு.”

“பொத்தானே முடியல சார்.”

“கேளும்மா. அவர் விழுந்த இடமெல்லாம் எது? பூ மார்க்கெட்டும் அதைச் சுத்தியும்தான். வீட்டுல ஒரு தடவைகூட விழல. மார்க்கெட்ல அவர் வாயில படுறது ஒண்ணே ஒண்ணு. சடையாண்டி கடை டீ.”

சடையாண்டி பெருமாள்சாமியின் பால்ய சிநேகிதன். பூ மார்க்கெட் வாசலில் டீக்கடை. ‘அரளி’ என்ற பேச்சை முதலில் எடுத்தவனும் அவன்தான் என்று நாகஜோதி சொல்லியிருந்தாள். வீட்டுச் சாப்பாட்டை நிறுத்திய பிறகு பெருமாள்சாமிக்கு டீ, பன், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அந்தக் கடையில்தான்.

“திருடனே ‘திருடன் திருடன்’னு கத்திக்கிட்டு ஓடுற கதை. பெருமாள்சாமியோட ரோட்டோரப் பூக்காட்டு மேல சடையாண்டிக்கு ஒரு கண்ணு,” என்றார் ஆவுடையப்பன்.

“அப்படி யார் சொன்னா?”

“இனிமேத்தான் யாராச்சும் சொல்லணும்.”

*

நிலக்கோட்டைக்கு ஸ்கூட்டரை மஹ்ஜபீன் ஓட்டினாள். பின்னால் ஆவுடையப்பன் மாறுவேடத்தில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி, பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனக் கீற்று. கேரளாவிலிருந்து மொத்தப் பூ வாங்க வந்த வியாபாரி. “நீ என்னோட கணக்குப்பிள்ளை,” என்று வழியில் அவளுக்குப் பாடம் நடத்தினார்.

“கேரளாவுலருந்து பூ வாங்க வர்றவங்க ஸ்கூட்டர்லயா வருவாக, சார்?”

ஆவுடையப்பன் அதை யோசித்திருக்கவில்லை.

மார்க்கெட்டில் காலை ஏலம் முடிந்துவிட்டது. காலிச் சாக்குகளும் மிதிபட்ட மல்லிகையும் கிடந்தன. கடை பெஞ்சில் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நெடுநெடுவென்ற மனிதர். வேட்டிக்கு மேல், பணமும் வெற்றிலையும் வைக்கப் பை தைத்த பச்சை பெல்ட். தோளில் துண்டு.

“ஞான் பூ வாங்கான் வந்நதாணு,” என்று மலையாளத்தில் ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

பெருமாள்சாமி தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். “ஏப்பா, நீ துப்பறியிற ஆவுடையப்பன்தானே? என் மச்சினன் மகளுக்கு மாப்பிள்ளை விசாரிச்சுச் சொன்னியே. பையன் டீகூடக் குடிக்க மாட்டான்னு. கல்யாணத்தன்னைக்கு எந்தக் கழுத்துல தாலி கட்டுறதுன்னே தெரியாம நின்னாம்ப்பா அவன்!”

“டீ குடிக்க மாட்டான்னுதானே சார் சொன்னாரு. அது இன்னைக்கும் உண்மைதான்,” என்றாள் மஹ்ஜபீன்.

கடையே சிரித்தது. ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். பஜ்ஜி தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மானம் போன இடத்தில் மிளகாய் பஜ்ஜியாவது மிஞ்சட்டும்.

சடையாண்டி அடுப்பைத் தணித்துவிட்டு, “வா மாப்ள, மூஞ்சி கழுவிட்டு வரலாம்,” என்று பெருமாள்சாமியைக் கைபிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

மஹ்ஜபீன் குரலைத் தணித்தாள். “சார், பெரியவரோட இடது கண்ணு இமை முடியைப் பாத்தீங்களா? ஒட்டகத்துக்கு இருக்கிற மாதிரி கருகருன்னு இம்புட்டு நீளம். வலது கண்ணுல சாதாரணமாத்தான் இருக்கு. நான் மஸ்காரா போட்டும் எனக்கு அப்படி வர மாட்டேங்குது.”

“கொலை முயற்சியை விசாரிக்க வந்த இடத்துல அழகுக் குறிப்பா? டீயைக் கவனிம்மா.”

பின்னாலிருந்து இருவரும் வந்தார்கள். பெருமாள்சாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். சடையாண்டி தனியாக ஒரு டப்பாவைத் திறந்தான். ஏதோ பொடி. அதை ஒரு கிளாஸில் மட்டும் தட்டிப்போட்டு, டீயை ஆற்றிக் கொண்டுவந்து பெருமாள்சாமி முன்னால் வைத்தான்.

ஆவுடையப்பன் பாய்ந்தார்.

அவர் வாழ்க்கையில் பாய்ந்தது அதுதான் முதல் தடவை. பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. கிளாஸைப் பிடுங்கி ஒரே மூச்சில் வாயில் கவிழ்த்துக்கொண்டார். நாக்கிலிருந்து அடிவயிறு வரை கொதித்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, விரலை நீட்டினார்.

“சொல்லு சடையாண்டி! இதுல என்ன கலந்தே?”

“சுக்கு.”

“சுக்கா, அரளியா?”

சடையாண்டியின் முகம் சுண்டிப்போனது. “என்ன பேச்சு பேசுறீங்க? என் மாப்ளைக்கு நான் விஷம் வைப்பனா?”

“அது இப்பத் தெரிஞ்சிரும். நான் குடிச்சாச்சு. எனக்கு என்ன ஆகுதுன்னு எல்லாரும் பாருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். பூ கட்டும் பெண்கள் நாரை வைத்துவிட்டு வந்தார்கள். வேன் டிரைவர்கள் வந்தார்கள். நிலக்கோட்டையில் அதற்கு முன் யாரும் ஒரு துப்பறிவாளர் சாவதை உட்கார்ந்து பார்த்ததில்லை. நேரம் போனது. ஒருவர் மோர் குடிக்கச் சொன்னார். ஒருவர் வாழைத்தண்டுச் சாறு என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று கூட்டத்தில் பாதி அலுத்துக் கலைந்தது. ஆவுடையப்பன் கெத்து குறையாமல் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மும்முரத்தில் நெற்றி வேர்வையைத் துடைத்த கை, கண்ணையும் துடைத்துவிட்டது.

“ஐயோ, மிளகா! மிளகா!”

“கையை எடுங்க. தண்ணி விட்டுக் கழுவுங்க. இப்பத் தலையைச் சாய்ங்க,” என்று மஹ்ஜபீன் கைப்பையிலிருந்து தன் கண் சொட்டு மருந்தை எடுத்தாள். ஸ்கூட்டர் தூசிக்காக எப்போதும் வைத்திருப்பாள். அவர் கண்ணை விரித்துப் பிடித்து ஊற்றினாள்.

ஆவுடையப்பன் கண்ணைக் கொட்டினார். விழுங்கினார். முகம் வெளிறியது.

“மஹ்ஜபீன்... கசக்குது.”

“என்ன?”

“தொண்டை கசக்குதும்மா! விஷம் வேலையை ஆரம்பிச்சிருச்சு. ஆபீஸ் சாவி பீரோ மேல இருக்கு. எங்க வீட்டுல கேட்டா, கடைசி வரைக்கும் கடமைதான் பெருசுன்னு இருந்தார்னு சொல்லு...”

“யா அல்லாஹ்! அது என்னோட சொட்டு மருந்து சார். கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ளுக்குள்ள வாய்க்கா இருக்கு. கண்ணுல ஊத்தினா தொண்டைக்கு இறங்கத்தான் செய்யும். எனக்குத் தினமும் கசக்குது, நான் என்ன உயில் எழுதிக்கிட்டா இருக்கேன்?”

கூட்டம் மறுபடி கூடிவிட்டது, சிரிப்பதற்காக. பெருமாள்சாமிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

குலுங்கியவர் நின்றார். துண்டு நழுவியது. கண் மேலே செருகி, பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்தார்.

மஹ்ஜபீன் தாங்கித் தரையில் படுக்கவைத்தாள். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். யாரோ 108-க்கு போன் போட்டார்கள். ஆவுடையப்பன் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தார்.

ஒரு துடிப்பு. இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை.

காகிதத்தில் பார்த்த வெறும் தரை இப்போது அவர் விரலுக்கடியில் இருந்தது. மேலே அந்தச் சின்ன முடிச்சு கரண்ட் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கீழே வந்து சேரவில்லை. ஆவுடையப்பனின் சொந்த நெஞ்சு காது வரை இடித்தது. ‘வா, வா’ என்று அவர் முணுமுணுத்தது அவருக்கே கேட்கவில்லை.

வந்தது. ஒரு துடிப்பு. பிறகு ஒன்று.

பெருமாள்சாமி கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. “தொண்டை... கசக்குது.”

“பாத்தீங்களா!” சடையாண்டி கதறினான். “அரளிதான்! அம்மா வீட்டுல உக்காந்துக்கிட்டே என் மாப்ளையைக் கொல்றாளே அந்தப் பாவி!”

“இன்னைக்கு இவர் என்ன சாப்பிட்டாரு?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“என்னத்தைச் சாப்பிட்டான்? விடிஞ்சதுலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. முதல் டீயைத்தான் நீங்க புடுங்கிக் குடிச்சிட்டீங்களே!”

ஆவுடையப்பன் எச்சிலை விழுங்கினார். அவர் தொண்டையில் கசப்பு இன்னும் இருந்தது. அரளி தின்னவில்லை. டீயிலும் ஒன்றுமில்லை. கண்ணில் ஊற்றியதுதான் கசந்தது. பெருமாள்சாமியின் இடது கண்ணைப் பார்த்தார். ஒட்டகத்து இமை. அதன் நுனியில் இன்னும் ஈரம்.

“அய்யா,” என்றார் மெதுவாக. “இந்தக் கண்ணுல என்ன ஊத்துறீங்க?”

பெருமாள்சாமியின் கை பச்சை பெல்ட்டை மூடிக்கொண்டது.

“காட்டுங்கய்யா. இல்லாட்டி உங்க மருமக இன்னைக்கு ஸ்டேஷன்ல உக்காருவா.”

கை விலகியது. பைக்குள் வெற்றிலைக்கு அடியில், சுண்டு விரல் உயரத்தில் ஒரு சொட்டு மருந்துப் பாட்டில்.

மஹ்ஜபீன் அதன் மேல் இருந்த பெயரைப் போனில் டாக்டர் கௌசல்யாவிடம் படித்துக்காட்டினாள். ஸ்பீக்கரில் டாக்டரின் மூச்சு கேட்டது.

“இதுல ரெண்டு மருந்து கலந்திருக்கு. ஒண்ணு இமை முடியை வளர்த்துவிடும். இன்னொண்ணு டிமோலால். கண்ணுக்குள்ள அழுத்தம் கூடினா குடுக்குறது. ஆனா அது இதயத்தோட வேகத்தைக் குறைக்கிற சாதி. அந்த நடுக் கதவைச் சாத்துறதும் அதுதான். கண்ணுல ஊத்தினா மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல நேரா கலந்திரும். சரி, ராத்திரி ஒரு சொட்டுதானே ஊத்தணும்? எம்புட்டு ஊத்துறாரு?”

சடையாண்டி அடுப்போரம் போய் நின்றுகொண்டிருந்தான்.

“அவன் கையி நடுங்கும்,” என்றான் யாரையும் பார்க்காமல். “அவனே ஊத்தினா அம்புட்டும் கன்னத்துலதான் வழியும். அதான் நான் ஊத்த ஆரம்பிச்சேன். எனக்குக் குறி தப்பாது. காலையில அஞ்சாறு, சாயங்காலம் அஞ்சாறு. ஒரு சொட்டுல என்ன ஆகப்போகுது, சீக்கிரம் பார்வை தெளியட்டும்னு...”

கொன்றுகொண்டிருந்தது தன் கைதான் என்பது அவனுக்கு அப்போதுதான் முழுசாக இறங்கியது. கூட்டத்துக்கும் இறங்கியது. பூக்காரி ஒருத்தி, ‘அரளி’ என்று தெருத் தெருவாகச் சொன்ன தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“அதை இனி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. உடனே கூட்டிட்டு வாங்க. கண்ணுக்கு வேற மருந்து கண் டாக்டர் குடுப்பாரு,” என்றது போன்.

“ஏன்யா மறைச்சீங்க?” என்றாள் மஹ்ஜபீன். கிண்டல் இல்லாத அவள் குரலை ஆவுடையப்பன் அன்றுதான் கேட்டார்.

பெருமாள்சாமி வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். “கண் முகாம்ல சொன்னாக, ஒரு கண்ணு போய்க்கிட்டிருக்குன்னு. வீட்டுல தெரிஞ்சா வண்டிச் சாவியை வாங்கி வச்சுக்குவாக. மார்க்கெட் பக்கம் விட மாட்டாக. மூலையில குத்தவச்சுக் கிடன்னுருவாக.” நழுவிக் கிடந்த துண்டைத் தடவி எடுத்தார். “டாக்டரம்மா மாத்திரைதான கேட்டாக? சொட்டு மருந்தை மாத்திரைன்னு நான் நினைக்கலை.”

*

பெருமாள்சாமி வார்டில் தேறுவதற்கு இரவு வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஊசி மருந்து ஏறியதும் நாடி பிடிகொடுத்தது. சாயங்காலத்துக்குள் தலைமாட்டுத் திரையில் மேடும் கோபுரமும் இணைபிரியாமல் ஓடின. ராத்திரி முழுக்கக் கண்காணிக்கவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் அவர் முகத்தில் காலையில் இருந்த இறுக்கம் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகக் கிளம்பிய சொந்தக்காரர்கள் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். வராந்தாவில் சுவரோரமாக நின்றார்கள். எல்லோருக்கும் திடீரென்று தங்கள் செருப்பு சுவாரசியமாகிவிட்டது. பிரபு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். பொறுப்பான, சாதுவான பையன். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவன்.

மஹ்ஜபீன் போன் பண்ணியிருந்ததால் நாகஜோதி சித்தையன்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். கையில் தூக்குவாளி. பிள்ளை அவளைப் பார்த்ததும் அப்பன் தோளிலிருந்து தாவியது. வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிரபுவைப் பார்க்கவில்லை. நேரே மாமனார் கட்டிலுக்குப் போனாள்.

பெருமாள்சாமி எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. “ஆத்தா,” என்றார்.

“இருக்கட்டும் மாமா. ரசஞ்சாதம் கொண்டாந்திருக்கேன்.” தூக்குவாளியைத் திறந்தாள். “என் கையால ஒரு வாய் சாப்பிடணும். மறைவா இல்ல. வெளியில நிக்கிற அம்புட்டுப் பேரையும் உள்ள கூப்பிடுங்க. அவுக முன்னாடி அரளின்னு சொன்னீங்க. அவுக முன்னாடி சாப்பிடுங்க.”

நர்ஸ் எதிர்ப்புச் சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் கௌசல்யா வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். சடையாண்டியும் வந்து கால்மாட்டில் நின்றான். நாகஜோதி ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். பெருமாள்சாமி வாயைத் திறந்தார். மெல்ல முடியாமல் மென்றார். நீண்ட இமையுள்ள அந்தக் கண்ணிலிருந்தும் மற்றதிலிருந்தும் தண்ணீர் வழிந்து சோற்றோடு சேர்ந்தது.

“கசக்குதா மாமா?”

“இல்லத்தா.”

சடையாண்டி கும்பிட்டான். அவள் அவனுக்கும் ஒரு கவளம் கொடுத்தாள். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் கொடுத்தாள்.

ஆவுடையப்பன் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். இந்த மாதிரி நேரத்தில் துப்பறிவாளர்கள் நாலு வரி பேசவேண்டும் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். மனசுக்குள் தயார்கூடச் செய்து வைத்திருந்தார். மஹ்ஜபீன் அவர் ஜிப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம் சார். நல்லா போய்க்கிட்டிருக்கு.”

ஆவுடையப்பன் அடங்கினார்.

நாகஜோதி தூக்குவாளியை மூடினாள். அப்போதுதான் புருஷன் பக்கம் திரும்பினாள். பிரபு தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

“மாமாவுக்குக் கண்ணு தெரியல. சடையாண்டிச் சித்தப்பாவுக்கு மருந்து தெரியல,” என்றாள். சத்தம் போடவில்லை. “உனக்கு என்னைத் தெரியும்ல? அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போடக் கிளம்புன?”

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். திரையில் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“தப்புத்தான் ஜோதி,” என்றான் பிரபு. “அப்பாவுக்குப் பயந்துட்டேன்.”

“அவரே இப்ப எனக்குப் பயப்படுறாரு.” பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். “நான் இன்னைக்கு எங்கம்மா வீட்டுக்குத்தான் போறேன், பிள்ளையோட. நீ நாளைக்கு வா. தனியா வா. எங்க தெருவுல நாலு பேரு பாக்கிற மாதிரி, வாசல்ல நின்னு கூப்பிடு. வர்றதா வேணாமான்னு அப்ப சொல்றேன்.”

நடந்தாள். வராந்தாக் கடைசி வரை பிள்ளை அவள் தோளுக்கு மேலாக அப்பனைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே போனது.

பிரபு அங்கேயே நின்றான். கட்டிலிலிருந்து பெருமாள்சாமி தலையைத் தூக்கி, இரண்டு கண்ணையும் அகல விரித்து மகனைப் பார்த்தார்.

“என்னலே நிக்கிற?” என்றார். “நாளைக்குன்னு அவ சொன்னா, நீயும் நாளைக்கே போவியா? ஓடுலே!”

பிரபு ஓடினான்.